தொலைநிலைக் கல்வியில் ஓவியமும் வடிவமைப்பும்: எதில் சேரலாம், எப்படிப் படிக்கலாம்?

பிரெஸ்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பி.காம். முடித்துவிட்டு அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். கோரல்டிரா, பேஜ்மேக்கர், போட்டோஷாப் மூன்றும் கைக்குப் பழக்கம். பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் என்று தினமும் ஓடுகிறது. ஆனால் வரைவது, நிறம், எழுத்தமைப்பு எதையும் முறையாகப் படித்ததில்லை. வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக வழியில்லை. வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்கலாம்.

வீட்டிலிருந்தே பி.எஃப்.ஏ. (நுண்கலை) பட்டம் என்று விளம்பரம் வருகிறதே, நம்பலாமா? ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் வரையக் கற்றுக்கொள்வது நடக்கிற காரியமா? பயிற்சித் தாள்களை போனில் எடுத்து அனுப்பினால் போதுமா, ஸ்கேனர் வாங்கணுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கரிக்கோல்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பணம் போகிற இடம் அதுதான்.

பொறியியல், மருத்துவம், கட்டடக்கலை, சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. காட்சிக்கலையும் அதில் இருக்கிறது. அதனால் "வீட்டிலிருந்தே பி.எஃப்.ஏ." என்று யார் சொன்னாலும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டிஇபி) இணையதளத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. நீங்கள் சேரப்போகும் அதே பாடம், அதே கல்வி ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதி பாடவாரியாகத்தான் தருகிறார்கள். போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லாமல் போகலாம். 2024 முதல் தொலைநிலைப் பட்டப்படிப்பில் சேர டிஇபி ஐடி என்ற அடையாள எண்ணும் வேண்டும். "அதெல்லாம் தேவையில்லை சார்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆனால் உங்களுக்கு இன்னொரு பட்டம் உண்மையிலேயே தேவையா? ஐஐடி பம்பாய் நடத்தும் சீட் (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வை பி.காம். முடித்தவரும் எழுதலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு குறைந்தது மூன்று வருடப் பட்டமோ டிப்ளமோவோ இருந்தால் போதும், வயது வரம்பு கிடையாது. மதிப்பெண்ணில் 25 சதவீதம் கணினியில் எழுதும் முதல் பகுதிக்கு, 75 சதவீதம் தாளில் வரைந்து விளக்கும் இரண்டாம் பகுதிக்கு. அதில் தேறினால் எம்.டெஸ். (வடிவமைப்பில் முதுநிலைப் பட்டம்) படிக்க வழி திறக்கும். ஆக, பட்டம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியது வரைகிற கையும் காட்டுவதற்கு ஒரு நல்ல போர்ட்ஃபோலியோவும் (படைப்புத் தொகுப்பு)தான். அதற்குச் சான்றிதழ் படிப்புகளும் தனிப் பாடங்களும் போதும்.

நேரக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) முறையில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 16 கிரெடிட் சான்றிதழ் என்றால் 480 மணி நேரம். வாரம் எட்டு மணி என்றால் 60 வாரம் ஆகும். விளம்பரத்தில் "ஆறு மாதம்" என்று போட்டிருப்பது வாரம் 18 மணிக்கு மேல் உட்காருகிறவருக்கான கணக்கு. சேரும்போதே அதிகபட்சம் எத்தனை வருடத்துக்குள் முடிக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் விடுபவர்களில் பலர் வரைய வராமல் விடுவதில்லை, இந்தக் கணக்கைப் போடாமல் சேர்ந்ததால்தான் விடுகிறார்கள்.

---

நிழலும்ஒளியும்:

கரிக்கோல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தை அப்புறம் பாருங்கள். ஒரு பயிற்சியை அனுப்பினால் திரும்பி என்ன வருகிறது என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய ஃபேமஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்கூலில் மாணவர் தபாலில் அனுப்பிய படத்தின் மேல் மெல்லிய டிரேசிங் தாளை விரித்து, ஆசிரியர் அதில் திருத்தி வரைந்து, கடிதத்தோடு திருப்பி அனுப்புவார். அஞ்சல் வழியில் ஓவியம் கற்பிக்க அதைவிட நல்ல வழியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். இன்று அதையே டேப்லெட்டில் செய்கிறார்கள். சேருவதற்கு முன் "திருத்திய பயிற்சி ஒன்றை மாதிரிக்குக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். "நன்று, இன்னும் முயற்சி செய்க" என்று நாலு வார்த்தையும் மதிப்பெண்ணும் மட்டும் வருகிற இடம் என்றால் அந்தக் காசுக்குக் காகிதமும் பென்சிலும் வாங்கலாம். கோர்செரா என்ற இணையவழிப் பாடத் தளத்தில் கால்ஆர்ட்ஸ் என்ற அமெரிக்கக் கலைக் கல்லூரி கொடுக்கும் கிராஃபிக் டிசைன் பாடத்தொகுப்பு பாடமாக நன்றாக இருக்கும், ஆனால் அங்கே உங்கள் வேலையை மதிப்பிடுவது சக மாணவர்கள். அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் வரையக் கற்பது நடக்கிற காரியமா என்று கேட்டீர்கள். தப்பு முதல் நாளிலேயே நடக்கும். டிடிபி மேஜையில் தாளைப் படுக்க வைத்து வரைவீர்கள். தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தூரமாக இருப்பதால் அது குறுகித் தெரியும். குறுகியதை ஈடுகட்ட கை தானாகவே மேல்பகுதியை இழுத்து வரையும். எடுத்து நிறுத்திப் பார்த்தால் குடம் நீண்டு, வாய் அகன்று கிடக்கும். வகுப்பறையில் ஆசிரியர் பலகையைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போய்விடுவார், அரை நிமிட வேலை. தொலைவில் இருப்பவருக்கு வருவது படம் மட்டும்தான். அவர் "விகிதம் சரியில்லை" என்று எழுதுவார், நீங்கள் மறுபடியும் படுக்க வைத்து வரைவீர்கள், மறுபடியும் விகிதம் சரியில்லை என்று வரும். இப்படியே இரண்டு மாதம் போகும். அதனால் பலகையை 60 டிகிரியாவது சாய்த்து வையுங்கள். ஒவ்வொரு பயிற்சியோடும் இரண்டாவது போட்டோ ஒன்று அனுப்புங்கள்: பலகை, பொருள், விளக்கு, நாற்காலி நாலும் தெரிகிற மாதிரி. திருத்துகிறவருக்குப் பாதிக் காரணம் அதிலேயே கிடைத்துவிடும்.

பொருளை அடுக்கும்போது எவர்சில்வர், பித்தளை இரண்டையும் முதல் சில மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள். பளபளப்பில் அறை முழுக்கத் தெரியும், எது நிழல் எது பிம்பம் என்று பிரிப்பது புதிதாக வரைபவருக்குக் கஷ்டம். மண்சட்டி, தேங்காய், சுண்ணாம்பு அடித்த செங்கல் போதும். ஒரு பக்கம் வெட்டிய அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி, அடியில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தால் நாலு நாள் கழித்தும் அதே இடத்தில் வைக்கலாம். வேலை முடிந்து இரவில்தான் வரைவீர்கள் என்றால் அது நல்லதுதான்: டியூப்லைட்டை அணைத்துவிட்டு, இடது மேல்பக்கம் ஒற்றை 9 வாட் எல்இடி. வெளிச்சம் நாள்தோறும் மாறாது. தாளுக்குத் தனியாகச் சின்ன விளக்கு வைத்தால் அது பொருள்மேல் விழாமல் மறைத்துக்கொள்ளுங்கள்.

போனில் போட்டோ எடுத்து அதைப் பார்த்து வரையாதீர்கள். போன் லென்ஸ் அகலமானது, பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கிவிடும். நிழலுக்குள் இருக்கும் மங்கல் வித்தியாசங்களையும் கறுப்பாக அடைத்துவிடும். பார்த்த உடனே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

---

பிரெஸ்காரன்:

அருமையான விளக்கம் சார். சாய்வுப் பலகை விஷயம் யாரும் சொன்னதில்லை. போட்டோ எடுப்பது பற்றியும் சொல்லுங்களேன். 6பி பென்சிலில் அடர்த்தியாகப் போட்ட இடமெல்லாம் போட்டோவில் வெள்ளையாக மின்னுகிறது. தாள் மஞ்சளாக விழுகிறது.

---

நிழலும்ஒளியும்:

மின்னுவதற்குக் காரணம் கிராஃபைட். அழுத்திப் போட்டால் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பும். விளக்கு கேமரா பக்கத்தில் இருந்தால் மின்னல் நேராக லென்ஸுக்குள் வரும். விளக்கைப் பக்கவாட்டுக்குத் தள்ளுங்கள், தாளுக்கு 45 டிகிரிக்கும் தாழ்வாக இறக்கிப் பாருங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அப்படியும் தீராவிட்டால் ஆக அடர்ந்த இடங்களுக்கு மட்டும் கரிப் பென்சில் பயன்படுத்துங்கள், அது மின்னாது.

மஞ்சளுக்குக் காரணம் இரண்டு விதமான வெளிச்சம் கலப்பது, அல்லது போனின் தானியங்கிக் கணிப்பு. ஜன்னல் வெளிச்சம் என்றால் ஜன்னல் மட்டும், வெயில் நேராக விழாத நேரத்தில். விளக்கு என்றால் ஒரே வகை இரண்டு எல்இடி, இரு பக்கமும் ஒரே தூரத்தில். சமமாக விழுகிறதா என்று பார்க்கச் சுலபமான வழி: தாளின் நடுவில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டு பக்கம் விழும் நிழலும் ஒரே அடர்த்தியில் இருந்தால் சரி. ஒன்று கறுத்திருந்தால் அந்த நிழலுக்கு எதிர்ப்பக்கத்து விளக்கு பக்கத்தில் இருக்கிறது, தள்ளி வையுங்கள்.

போன் தாளுக்கு நேராக இருக்கிறதா என்பதற்கும் ஒரு வழி உண்டு. தாளை சுவரில் மாட்டி, நடுவில் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தாளோடு ஒட்டிப் பிடியுங்கள். திரையின் மையத்தில் உங்கள் போனின் லென்ஸே தெரிந்தால் நேராக இருக்கிறது. கண்ணாடியை எடுத்துவிட்டு, போனை அசைக்காமல் படம் எடுங்கள். 2எக்ஸில் வைத்துப் பின்னால் தள்ளி நின்று எடுத்தால் ஓரங்கள் வளையாது. வெள்ளைத் தாள் நிறைய இருந்தால் போன் அதைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வெளிர் வாட்டர்கலர் என்றால் ஏற்றாதீர்கள், மெல்லிய வாஷ் (நீர்த்த நிறப்பூச்சு) கரைந்து போய்விடும்.

டாக்குமென்ட் ஸ்கேனர் ஆப் எதுவும் வேண்டாம். அவை எழுத்தைப் படிக்கச் செய்தவை. 2ஹெச் பென்சிலில் போட்ட மெல்லிய கோடுகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், சுருங்காது.

---

எழுத்துரு:

ஸ்கேனர் விஷயத்தில் சின்ன மாறுபாடு. பென்சில், கரி, ஏ3க்கு மேல் எல்லாவற்றுக்கும் போன் போதும். ஏ4 அளவு பேனா வேலை, எழுத்து வரைதல் மாதிரியான கூர்மையான வேலைகளுக்கு ஸ்கேனர்தான் சரி. 300 டிபிஐயில் ஏ4 என்றால் 2480க்கு 3508 பிக்சல். உங்கள் பிரெஸ்ஸிலேயே ஸ்கேனர் இருக்கும், வாங்க வேண்டாம். ஏ3 தாளை இரண்டு பாதியாக ஸ்கேன் செய்தால் நடுவில் நாலு சென்டிமீட்டராவது ஒன்றின்மேல் ஒன்று வரணும், போட்டோஷாப்பில் ஃபோட்டோமெர்ஜ் பிசகாமல் ஒட்டும்.

நான் சொல்ல வந்தது தமிழ் எழுத்து பற்றி. இந்தப் படிப்புகளில் எழுத்தமைப்புப் பாடம் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே இருக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, அதன் உயரம் என்று போகும். செய்யுங்கள், ஆனால் ஒவ்வொரு பயிற்சியையும் தமிழிலும் ஒருமுறை செய்து இணைத்து அனுப்புங்கள். நாளைக்குப் போர்ட்ஃபோலியோவில் உங்களைத் தனியாகக் காட்டப்போவது அதுதான்.

பேஜ்மேக்கரில் அது நடக்காது. அதற்கு யூனிகோட் தெரியாது. நீங்கள் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்தது ஆங்கில விசைகளின் மேல் தமிழ் முகமூடி. எழுத்துரு இல்லாத கணினியில் ஆசிரியர் கோப்பைத் திறந்தால் குப்பையாகத் தெரியும். கன்வெர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றி, இன்டிசைனில் பாராகிராஃப் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் இந்திய மொழி வசதியை இயக்குங்கள். இதை விட்டால் "கொ" எழுதும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். அடோபிக்குப் பணம் கட்ட முடியாதென்றால் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் இரண்டும் இலவசம்.

எழுத்துருவுக்கு முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், நோட்டோ செரிஃப் தமிழ் நாலும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஒரே பத்தியை நாலிலும் அமைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் 12 பாயின்ட் எழுத்துக்கு 14 பாயின்ட் வரி இடைவெளி விடுகிற பழக்கத்தில் தமிழை அமைத்தால் மேல்வரியின் "கு", "மூ" வால்கள் கீழ்வரியின் "கி", "தீ" சுழிகளோடு முட்டும். 17, 18 பாயின்ட் விட்டுப் பாருங்கள், பத்தி மூச்சுவிடும்.

நிறத்தில் உங்கள் அச்சகப் பழக்கம் ஒன்று இடிக்கும். நீங்கள் எல்லாவற்றையும் சிஎம்ஒய்கே என்ற அச்சு நிறமுறையில் வைப்பீர்கள். திரையில் பார்த்துத் திருத்தப்படும் பயிற்சிக்கு எஸ்ஆர்ஜிபி என்ற திரை நிறமுறையில் ஜேபெக் அனுப்புங்கள். சிஎம்ஒய்கே ஜேபெக் சில இடங்களில் திறக்காது, திறந்தாலும் நிறம் திரியும். அச்சுக்குப் போகும் பயிற்சிக்கு மட்டும் சிஎம்ஒய்கே, 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீட்டும் ஓரம்), சின்ன எழுத்துக்கு வெறும் கறுப்பு 100. மானிட்டர் வெளிச்சத்தையும் குறையுங்கள். திரையில் வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் அறை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே பளிச்சில் இருக்கணும். திரை கண்ணைக் கூசினால் நீங்கள் நிறத்தை இருட்டாக்கித்தான் அனுப்புவீர்கள்.

---

கரிக்கோல்:

திருத்தம் வந்த பிறகு செய்ய வேண்டியதை யாரும் சொல்லவில்லை. அடுத்த பயிற்சிக்குத் தாவாதீர்கள். அதே பொருள், அதே அளவு தாள், அதே வெளிச்சத்தில் மறுபடி வரைந்து இரண்டையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். அனுப்பும்போது பொதுவாக "எப்படி இருக்கிறது" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "சட்டியின் இடது விளிம்பு தட்டையாகத் தெரிகிறது, நிழலின் ஓரத்தை மென்மையாக்கணுமா, பின்புலத்தை இருட்டாக்கணுமா" என்று கேட்டால் ஆசிரியர் பேனாவை எடுத்து அந்த இடத்தில் வரைந்து காட்டுவார்.

முடித்த பிறகு அனுப்புவதைவிடப் பாதியில் ஒருமுறை அனுப்ப அனுமதி உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். கோட்டில் இருக்கும் தப்பை நிழல் போடுவதற்கு முன்பே பிடித்தால் பத்து மணி நேர வேலை மிச்சம்.