காளானை எந்தப் பெட்டியில் போடுவது?
மேலூர் பக்கம் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தாவரம், முதுகெலும்புள்ளவை, முதுகெலும்பற்றவை என்று மூன்று அட்டைப்பெட்டி வைத்து, கண்மாய்க்கரையில் கிடைத்ததைப் பிரிக்கச் சொன்னேன். சிலந்திக்கு எட்டுக் கால், அதனால் பூச்சியில்லை என்று பிள்ளைகளே எண்ணிச் சொன்னார்கள். சரி என்று நிமிர்ந்தால், ஒருத்தி வைக்கோல்போரில் முளைத்த காளானோடு நிற்கிறாள்: "இது செடிதானே டீச்சர்?"

பச்சையமில்லை, உணவைத் தானே தயாரிக்காது, மட்கும் வைக்கோலிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். 1969-இல் விட்டேக்கர் என்ற அறிவியலாளர் காளான் போன்ற பூஞ்சைகளை, தாவர உலகம், விலங்கு உலகம் போல ஒரு தனி உலகமாகவே வைத்தார் என்றேன். "அப்ப வாய் எங்கே?" என்று மடக்கிவிட்டாள்!

மூடிய டப்பாவில் ரொட்டித்துண்டு வைத்துப் பூசணம் வளர்த்துக் காட்டலாமா? நம்ம ஊர் வெயிலுக்கு எத்தனை நாள் ஆகும்? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். அப்புறம், நான்காவது பெட்டிக்குப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு பெயரும் வேண்டும்.