கத்தோலிக்கக் கோவிலும் தன்பாலீர்ப்புள்ள எங்கள் பிள்ளைகளும்: அனுபவப் பகிர்வு

மேரிலாந்திலிருந்து ஓர் அம்மா

நான் தூத்துக்குடிக்காரி. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மேரிலாந்தில் இருக்கிறோம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016 நவம்பர், கல்லறைத் திருநாளுக்கு மறுநாள். நெத்திலிக் கருவாடு அலசிக்கொண்டிருந்தேன். மகன் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, எனக்குப் பொண்ணுங்க மேல ஈர்ப்பு கிடையாது. சின்ன வயசிலிருந்தே கிடையாது" என்றான். நான் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன்தான் கையை நீட்டிக் குழாயை மூடினான். அப்போது அவனுக்கு 22 வயது. ஏழு வருஷம் பீடச் சிறுவனாக இருந்தவன். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவன்.

அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். என்ன பாவத்தைச் சொல்ல? அவன் சொன்னதை என் பாவம் மாதிரிச் சொல்லி அழுதேன். அங்கே இருந்த ஃபாதர், "கொஞ்ச நாள் வீட்டில் சேர்க்காதீர்கள், தானாகத் திருந்துவான்" என்றார். நான் நம்பினேன். நான்கு மாதம் அவனோடு பேசவில்லை. ஞாயிறுதோறும் போன் செய்வான், அவன் அப்பா எடுப்பார், நான் மாடிக்குப் போய்விடுவேன். அந்த நான்கு மாதத்தை எழுதத்தான் இங்கே வந்தேன். மற்றதெல்லாம் அப்புறம்.

தவக்காலத்தில் ஒரு நாள் பூசை முடிந்ததும், எங்களுக்குப் பின் பெஞ்சில் உட்காரும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, "உங்கள் வாசகப் பையன் எங்கே, காணோமே?" என்று கேட்டார். கார் நிறுத்தும் இடத்திலேயே உடைந்துபோனேன். அவர் எதுவும் விசாரிக்கவில்லை. "என் மகளும் அப்படித்தான், வியாழக்கிழமை என்னோடு வாங்க" என்றார், அவ்வளவுதான்.

கோவில் கீழ்த்தளத்தில் ஓர் அறை. மடக்கு நாற்காலிகள், பெரிய காபி பாத்திரம், பதினொரு பேர். எல்லாரும் அம்மா அப்பாக்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது என்பது அங்கே முதல் விதி. என் முறை வந்தபோது எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. அத்தனை வருஷம் ஆபீஸில் இங்கிலீஷிலேயே வேலை பார்த்தவள்தான், ஆனால் இதைச் சொல்ல வரவில்லை. தமிழிலேயே சொன்னேன். பத்து நிமிஷம் இருக்கும். ஒரு வார்த்தை புரியாமல் பதினொரு பேரும் கடைசி வரை கேட்டார்கள். முடித்ததும் பாட்டி என் கையைப் பிடித்து, "மகன் பெயர் மட்டும் புரிந்தது, பல தடவை சொன்னீர்கள்" என்றார்.

கிளம்பும்போது ஒரு சின்னப் புத்தகம் தந்தார். 1997இல் அமெரிக்க ஆயர்களின் திருமணம், குடும்பப் பணிக்குழு பெற்றோருக்கு எழுதிய மடல். தலைப்பே 'எப்போதும் நம் பிள்ளைகள்' என்றுதான். தன்பாலீர்ப்பாளராக இருப்பதால் ஒருவர் மேல் கடவுளின் அன்பு குறைவதில்லை, பிள்ளையோடு உறவை முறித்துக்கொள்ளாதீர்கள், மனம் உடைந்து தவறான முடிவுக்குப் போகிற பிள்ளைகளைக் கவனியுங்கள் என்றெல்லாம் ஆயர்களே எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அச்சாகி இருபது வருஷமாக இருக்கிறது, ஒரு பிரசங்கத்தில் இதை நான் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை பால்டிமோருக்கு அவன் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவன் முதலில் என் கையில் இருந்த டிபன் கேரியரைத்தான் பார்த்தான். "நெத்திலியா?" என்றான்.

நியூயார்க், ஓய்வுபெற்ற நர்ஸ்

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நானும் சொல்லிவிடுகிறேன்.

நாகர்கோவிலில் படித்துவிட்டு 1983இல் இங்கே வேலைக்கு வந்தேன். 85இல் எங்கள் வார்டில் எய்ட்ஸ் நோயாளிகள். முக்கால்வாசிப் பேர் முப்பது வயது தாண்டாத ஆண்கள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே கொண்டுபோக ஆளில்லை. எழுந்து வர அவர்களுக்குத் தெம்பில்லை. நாங்கள் இரண்டு மூன்று பேர் டியூட்டி முடிந்தபின் எடுத்துக் கொடுப்போம். எங்களுக்கும் பயம்தான். கையுறைக்குள் கை நடுங்கும்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அன்னை தெரசா கிரீன்விச் வில்லேஜில் ஒரு கோவிலின் பழைய பங்குவீட்டில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக இல்லம் திறந்தார். முதலில் வந்தவர்களில் சிங் சிங் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட கைதிகளும் உண்டு. அதே காலத்தில் பிரான்சிஸ்கன் துறவி ஃபாதர் மைக்கல் ஜட்ஜ் எய்ட்ஸ் வார்டுகளில் சுற்றிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தொடப் பயந்தவர்களின் பாதத்தை எடுத்துத் தைலம் தேய்த்துவிடுவார் என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த சேதி. பிற்பாடு தீயணைப்புத் துறையின் ஆன்மகுருவாக இருந்து 2001 செப்டம்பர் 11 அன்று இறந்தார். அன்றைய மரணப் பட்டியலில் முதல் எண் அவருடையது. அவரும் தன்பாலீர்ப்பு உள்ளவர்தான் என்பதை அவரோடு பழகியவர்கள் பின்னால் சொன்னார்கள்.

என் நோயாளி ஒருவர் சனிக்கிழமைதோறும் மன்ஹாட்டனில் ஓர் இயேசு சபைக் கோவிலில் நடந்த பூசைக்குப் போவார். தன்பாலீர்ப்புள்ள கத்தோலிக்கர்களின் டிக்னிட்டி அமைப்பினர் நடத்தியது. 1986 அக்டோபரில் ரோமிலிருந்து, அதாவது வத்திக்கானிலிருந்து, கடிதம் வந்தது, அந்த மாதிரி அமைப்புகளுக்குக் கோவில் கட்டடத்தில் இடம் தரக்கூடாது என்று. 1987 மார்ச்சில் அங்கே பூசை நின்றது. அவர் எடை அப்போது நாற்பது கிலோ இருக்கும். "இனி எங்கே போறது சிஸ்டர்?" என்று கேட்டார். எங்களைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பதில் தெரியவில்லை. என் ஜெபமாலையைக் கொடுத்தேன். பச்சை மணி, வேளாங்கண்ணியில் வாங்கியது. அதைக் கையில் சுற்றித்தான் அடக்கம் செய்தார்கள்.

வாஷிங்டன் பக்கம், 38 வயது

நான் பெற்றோர் இல்லை, பிள்ளை. இந்தத் தொடரில் 'அவன்', 'அவள்' என்று எழுதப்படுகிற ஆள் நான்தான். அதனால் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன்.

சென்னையில் 19 வயதில் ஒரு குணமளிக்கும் தியானத்துக்கு அனுப்பினார்கள். மூன்று நாள். தலையில் கை வைத்து அழுத்தி, பேய் ஓட்டுவது போலக் கத்தினார்கள். போனபோது இருந்தவனாகவே திரும்பி வந்தேன். ஆனால் ஜெபம் செய்ய உட்கார்ந்தாலே அந்தச் சத்தம் காதில் கேட்கும். பல வருஷம் கேட்டது.

இங்கே வந்த பிறகு சிஸ்டர் ஜெனின் கிராமிக் பேசுவதை ஒருமுறை ஹாலின் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அவர் கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1971இல் பிலடெல்பியாவில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி. தன்பாலீர்ப்புள்ள ஓர் இளைஞர் அவரிடம், "எங்களைப் போன்றவர்களுக்குத் திருச்சபை என்ன செய்கிறது?" என்று கேட்டார். அந்த இளைஞர் வீட்டிலேயே பூசைகள் தொடங்கின. 1977இல் ஃபாதர் ராபர்ட் நியூஜென்ட்டோடு சேர்ந்து மேரிலாந்தில் தன்பாலீர்ப்புள்ள கத்தோலிக்கர்களுக்காக 'நியூ வேஸ் மினிஸ்ட்ரி' என்ற அமைப்பைத் தொடங்கினார். முந்தின வருஷம் புரூக்ளின் ஆயர் முகாவெரோ எழுதிய மடலில் 'புதிய வழிகள்' என்று வந்த சொல்லைத்தான் பெயராக வைத்தார்கள். ஓர் ஆயரின் மடலிலிருந்து பெயர் எடுத்தவர்களை 1999இல் ரோம் நிரந்தரமாக இந்தப் பணியிலிருந்து தடை செய்தது.

இங்கேதான் எனக்கு முக்கியமான விஷயம். ஃபாதர் கீழ்ப்படிந்தார், பங்குப் பணிக்குத் திரும்பினார், 2014 ஜனவரி 1 அன்று காலமானார். சிஸ்டர், என்னை ஒடுக்குவதற்கு நானே உடந்தையாக இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வேறு கன்னியர் சபைக்கு மாறிப் பணியைத் தொடர்ந்தார். இதில் யார் செய்தது சரி என்று என்னிடம் கேட்பார்கள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். இரண்டு பேருமே கோவிலை விட்டுப் போகவில்லை.

2021 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் சிஸ்டருக்குக் கடிதம் எழுதி, அவருடைய ஐம்பது வருஷப் பணியைக் கடவுளின் பாணி என்றார். நெருக்கம், இரக்கம், கனிவு என்று மூன்று சொல். 2023 அக்டோபர் 17 அன்று வத்திக்கானில் தாம் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்தில் அவரைச் சந்தித்தார், ஐம்பது நிமிஷம். அந்தப் போட்டோ வந்த அன்று ஆபீஸ் கழிவறையில் போய் அழுதேன். சாயங்காலம் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தேன். அந்தச் சத்தம் கேட்கவில்லை. இன்றைக்குவரை கேட்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் அன்றைக்குக் கேட்கவில்லை.

லண்டனிலிருந்து ஓர் அப்பா

நாங்கள் யாழ்ப்பாணம். நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை.

எனக்கு ஒரே பிள்ளை, மகள். அவளும் அவளுடைய துணையும் எட்டு வருஷமாகச் சேர்ந்து இருக்கினம். இங்கே சோகோவில் வார்விக் தெருக் கோவிலில் 2007இலிருந்து இவர்களுக்கென்று பூசை இருந்தது. 2013இல் அதை நிற்பாட்டி, மேபெயரில் உள்ள இயேசு சபையாரின் ஃபார்ம் ஸ்ட்ரீட் கோவிலுக்கு மாற்றினார்கள். மகள் அங்கேதான் போய்ப் பழகினாள். முதல்முறை என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது நான் கடைசி வாங்கில் இருந்தேன், யாரும் தெரிந்த சனம் பார்த்துவிடுமோ என்று. பூசை முடிய ஒரு கிழவர் வந்து கைகொடுத்து, "மகளுக்குத் துணையாக வந்தீர்களா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இப்ப நினைத்தால், அந்த வெட்கத்துக்குத்தான் வெட்கப்படுகிறேன்.

2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கானிலிருந்து அறிவிப்பு வந்தது, இப்படியான இணையரையும் குருவானவர் ஆசீர்வதிக்கலாம், ஆனால் அது திருமணம் போலத் தோன்றக்கூடாது, சடங்கு இருக்கக்கூடாது என்று. பிறகு ஜனவரியில், அந்த அறிவிப்பை வெளியிட்ட கர்தினால் பெர்னாண்டஸ், ஆசீர்வாதம் பத்துப் பதினைந்து விநாடிதான் என்று விளக்கம் சொன்னார். சிலர் அதைக் கேட்டுக் கோபப்பட்டார்கள், பிச்சை போடுகிறார்களா என்று. எனக்கும் அந்தக் கோபம் விளங்குகிறது.

ஆனால் நான் கண்டதைச் சொல்லவேண்டும். மாசி மாதம், நல்ல குளிர். பூசை முடிந்து வெளியே வாசலில் நிற்கிறோம். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு வயதான சுவாமியிடம் கேட்டார்கள். அவர் கையுறையைக் கழற்றி அங்கிப் பைக்குள் வைத்தார். இரண்டு பேரின் தலையிலும் வெறும் கையை வைத்து, கண்ணை மூடி, ஏதோ மெதுவாகச் சொல்லி, சிலுவை வரைந்தார். பதினைந்து விநாடிகூட இருக்காது. என் மனைவி போன வருஷம்தான் மோசம் போனவ. அவ இருந்து பார்க்க வேண்டிய பதினைந்து விநாடி அது.

ஒரு கேள்வி

எல்லோரும் மனம் திறந்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நான் மறைக்கல்வி ஆசிரியர். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருச்சபையின் போதனை மாறவில்லையே? மறைக்கல்வி ஏடு இந்த உறவுச் செயல்களை ஒழுங்கற்றவை என்றுதானே சொல்கிறது? அதை மறைத்துவிட்டு ஆறுதல் மட்டும் சொல்வது சரியா?

மேரிலாந்து அம்மா

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை சார். மாறவில்லைதான். எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்திலும் அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது மறைக்கல்வி ஏட்டில் 2357ஆம் எண்; அதை வகுப்பில் சொல்கிறவர்கள் அடுத்த எண்ணையும் வாசிக்க வேண்டும். இவர்களை மரியாதையோடும் பரிவோடும் மென்மையோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக்கூடாது என்று 2358 சொல்கிறது. என்னிடம் அந்த ஃபாதர் முதல் எண்ணை மட்டும் சொன்னார். அடுத்ததையும் சொல்லியிருந்தால் அந்த நான்கு மாதம் இருந்திருக்காது. நீங்கள் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறீர்கள்? அதில் ஒரு பிள்ளையாவது அடி வயிறு கலங்கிக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு வாசியுங்கள், அது போதும்.

அந்த எண் என்ன சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன் என்பது வேறு விஷயம். அதையும் ஆயரிடம் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், நாங்கள் பதினொரு பேரும்.

நியூ ஜெர்சி

மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதத் தைரியம் வரவில்லை. என் மகள் போன வாரம் சொன்னாள். நான் ஒன்றும் பேசவில்லை. அவளும் திரும்ப ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இன்று காலை போன் செய்தேன். "சாப்பிட்டியா?" என்று மட்டும்தான் கேட்டேன். "சாப்பிட்டேன்மா" என்றாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வரவில்லை. ஆனால் யாரும் போனை வைக்கவுமில்லை.

எங்களோடு மாமியார் இருக்கிறார்கள். 79 வயது. பேத்திதான் அவர்களுக்கு உயிர். எப்படிச் சொல்வது? அந்த 1997 மடலைக் கொடுக்கலாம் என்றால் அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது.

மேரிலாந்து அம்மா

முதலில் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆச்சியிடம் சொல்லலாமா என்று. அது அவள் சொல்ல வேண்டிய சேதி. அவள் சரி என்றால், மடலை நான் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறேன். தூத்துக்குடித் தமிழ்தான், ஆச்சிக்குப் புரியும் இல்லையா? இன்றைக்கு ராத்திரியே முதல் பத்தியைப் பேசி வைத்துவிடுகிறேன்.