ஆபரேஷனுக்குப் பிறகு வாய் சுத்தம்: யாருக்காவது இப்படி நடந்ததா?

நூல்கண்டு:
அப்பாவுக்கு பைபாஸ். வென்டிலேட்டர் டியூபை எடுத்த அன்றுதான் என்னை உள்ளே விட்டார்கள். ஆபரேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "தண்ணி" என்று கேட்க அவர் வாயைத் திறந்தாரே, அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நாக்கு பழுப்பேறி வெடித்திருந்தது. மேலண்ணத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நர்ஸ் ஈரப் பஞ்சை வைத்து ஊறவிட்டு மெல்ல இழுத்தார். தோல் உரிவதுபோல முழுத் துண்டாக வந்தது. சளியும் ரத்தமும் காய்ந்த பொருக்காம். நெஞ்சுத் தையலைப் பார்த்தபோதுகூட எனக்குத் தலை சுற்றவில்லை. சிறுநீரை மணிக்கு மணி அளந்து எழுதுகிறார்கள், வாய்க்கு மட்டும் சார்ட்டில் ஒரு கட்டம் கிடையாதா?

பழைய_பேஷன்ட்:
எனக்குக் குடல் ஆபரேஷன். மூக்கில் டியூப், வாய்வழியே எதுவும் கூடாது. பல் தேய்க்கலாமா என்று வார்டு உதவியாளரிடம் கேட்டேன். "நீங்கதான் ஒண்ணும் சாப்பிடலையே சார், எதைத் தேய்க்கப் போறீங்க?" என்று சிரித்தார். ரவுண்ட்ஸில் வந்த ஜூனியர் டாக்டர்தான், தேய்த்துத் துப்பலாம், விழுங்கத்தான் கூடாது என்றார். சாப்பிடாதபோது எச்சில் சுரப்பது குறையும், வலி மருந்து இன்னும் வற்றடிக்கும், மூக்கில் டியூப் இருப்பதால் வாயால் மூச்சு விடுவோம், அதனால் அழுக்கு அதிகம்தான் சேரும் என்று விளக்கினார். மனைவி மோவாய்க்குக் கீழே டிரேயைப் பிடிக்க, தேய்த்துத் துப்பினேன். விழுந்த நுரை சாம்பல் நிறம். இருமினால் தையல் இழுக்குமே என்ற பயத்தில் பாதித் துப்பல் சட்டையில்.

இரவுப்பணி:
நூல்கண்டு, கோபம் நியாயம்தான். ஆனால் கட்டமே இல்லை என்று சொல்லாதீர்கள். நான் ஐசியூ நர்ஸ். எங்கள் சார்ட்டில் கட்டம் இருக்கிறது, டிக்கும் விழுகிறது. டிக்குக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருமுறை அரை மயக்கத்தில் இருந்தவர் என் பிரஷைக் கடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு கையில் டியூப் நகராமல் பிடித்திருக்கிறேன், பக்கத்துப் படுக்கையில் அலாரம் அடிக்கிறது. இதையும் யோசியுங்கள்.

சரி, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஐசியூவுக்கு வந்த ஓரிரு நாளிலேயே பல்லில் படியும் கிருமிகளின் வகை மாறிவிடும். வென்டிலேட்டர் டியூபைச் சுற்றியிருக்கும் பலூனைத் தாண்டி எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் கசியும். நிமோனியா அப்படித்தான் வருகிறது. பஞ்சு வாயை ஈரமாக்கும், பல்லில் படிந்ததை எடுக்காது. அதற்குச் சின்னத் தலையுள்ள மென்மையான பிரஷ்தான் வேண்டும். 2023-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பல் தேய்க்கப்பட்டவர்களிடம் மருத்துவமனையில் வந்து தொற்றும் நிமோனியாவும் ஐசியூ மரணமும் குறைவாக இருந்தன. டியூப் இல்லாதவருக்கு நீங்களே செய்யலாம், முதலில் நர்ஸிடம் கேட்டுவிட்டு. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்துங்கள். பிரஷை நனைத்து உதறிவிடுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது, புரையேறும். நாக்கையும் லேசாகத் தேய்த்துவிட்டு உதட்டுக்கு ஈரப்பசை தரும் களிம்பு போடுங்கள். எலுமிச்சை கலந்த கிளிசரின் குச்சி வேண்டாம், அதன் அமிலம் பல்லை அரிக்கும், வாய் இன்னும் காயும். தலை ஆடுகிற ஸ்பாஞ்சுக் குச்சியையும் தூக்கிப் போடுங்கள், கழன்று தொண்டைக்குள் போன சம்பவங்கள் உண்டு.

மாடிவீட்டுக்காரி:
இவ்வளவு எதற்கு? என் அத்தைக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்தபோது குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னார்கள், வேலை முடிந்தது. எங்கள் பிரச்சினையே வேறு. தியேட்டருக்குப் போகுமுன் கழற்றிய பல்செட்டை யாரோ டிஷ்யூவில் சுற்றி வைக்க, அது குப்பையோடு போய்விட்டது. புதுசு வரும்வரை அத்தை பொக்கை வாயைக் கையால் மூடிக்கொண்டேதான் டாக்டரிடம் பேசினார். வலியைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. பெயர் எழுதிய மூடி போட்ட டப்பாவில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும்.

இரவுப்பணி:
கொப்பளிக்கும் மருந்து போதும் என்றால் எப்படி அக்கா? வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு தினமும் பல் தேய்க்க வேண்டும், குளோர்ஹெக்சிடின் இல்லாமல் என்று 2022-இல் அமெரிக்க நிபுணர்களின் வழிகாட்டியே மாறிவிட்டது. அந்த மருந்து இறப்பைக் கூட்டுகிறதோ என்ற சந்தேகம்தான் காரணம். அத்தைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது வேறு விஷயம், அதில் நான் தலையிடவில்லை. பல்லில் கறை படியும் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

மாடிவீட்டுக்காரி:
அத்தைக்குத்தான் பல்லே இல்லையே!

கடைசிபெஞ்சு:
நீங்கள் இருவரும் சண்டையை முடித்ததும் என்னுடையதைப் படியுங்கள். எனக்கு இதய வால்வு மாற்றினார்கள். அதற்கு முன் பல் டாக்டரிடம் அனுப்பி, சொத்தைப் பல்லை எடுத்த பிறகுதான் தேதியே கொடுத்தார்கள். வாயிலிருந்து ரத்தத்துக்குள் போகும் கிருமி செயற்கை வால்வில் ஒட்டினால் பெரிய ஆபத்தாம். ஆபரேஷன் முடிந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலையில் துப்பினால் பேசினெல்லாம் இளஞ்சிவப்பு. பின்னால் நின்ற என் அக்கா போட்ட அலறலில் வார்டே எழுந்துவிட்டது. டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, தேய்ப்பதை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் ஈறு வீங்கி ரத்தம் இன்னும் வரும், மென்மையான பிரஷுக்கு மாறுங்கள், கசிவு நிற்காவிட்டால் உடனே சொல்லுங்கள் என்றார். அக்கா நம்பவில்லை. பிரஷை எங்கே ஒளித்து வைத்தாள் என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.