ஏரிக்கரையில ராத்திரி தங்கினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க

குரோம்பேட்டை அம்மா:
இவரு ரிட்டயர் ஆனதுலேர்ந்து டென்ட் டென்ட்னு ஒரே பிடி, சரின்னு ஆவணில கிளம்பிட்டோம். உத்திரமேரூர் தாண்டி தெரிஞ்சவங்க தோப்பு, ஒட்டியே ஏரி. டென்ட் போட்டது, சமைச்சது எல்லாம் விடுங்க, நான் சொல்ல வந்தது அந்த வாத்துக்காரரைப் பத்தி. சொர்ணவாரி நெல்லு அறுத்த வயல்ல வாத்துங்களை மேய விட்டு, சாயங்காலம் ஏரியோரம் வலை கட்டி அடைப்பாங்க இல்ல, அவங்கதான். இருட்டினதும் மேக்க ராணிப்பேட்டை பக்கம் மின்ன ஆரம்பிச்சுது, இந்த சீசன்ல அங்க மின்னினா ராத்திரிக்குள்ள இங்க கொட்டும்னு உங்களுக்கே தெரியும். அவரு டார்ச் அடிச்சுக்கிட்டு வந்து, "பனைமரத்தடியில இருக்காதீங்கம்மா, கார்ல ஏறிக்குங்க"ன்னு சொல்லி டென்ட் முளையை அவரே புடுங்கி சுருட்டிக் குடுத்தாரு. அதுக்குள்ள மழை புடிச்சிருச்சு. கார் கண்ணாடி வழியா பாக்குறேன், ஒவ்வொரு மின்னலுக்கும் அத்தனை வாத்தும் கழுத்தை நட்டமா தூக்கிக்கிட்டு ஒரே பக்கம் பாத்து நிக்குது, நடுவுல அந்த வாத்துக்காரரு உரச்சாக்கை தலைல கவுத்துக்கிட்டு கோலை ஊனி நிக்குறாரு. உள்ள வாங்கன்னு கத்தினோம், கையை மட்டும் ஆட்டினாரு. மெரண்டுச்சுன்னா வலையைப் பிச்சுக்கிட்டு ஓடிடுமாம், காலைல முட்டை பொறுக்கிக்கிட்டே சொன்னாரு. அவரு சம்சாரமும் கைக்குழந்தையும் பக்கத்துல ஒரு தார்ப்பாய்க்கு அடியில.

இவரு காசு நீட்டினாரு, வாங்கல. "வீடு வாசல் இருக்கும்போது எதுக்கும்மா வெளில வந்து படுக்குறீங்க, புள்ளைங்க பாத்துக்கலையா?"ன்னு கேட்டாரு. நக்கலா இல்ல, நெஜமாவே கவலையா. சும்மா ஆசைக்கு வந்தோம்னு சொன்னோம், அவரு நம்பின மாதிரி தெரியல. அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

மடிப்பாக்கம் ரிட்டயர்டு:
நாங்க ஏலகிரி புங்கனூர் ஏரி பக்கம் டென்ட்ல தங்கினோம், ராத்திரி துணிக்கு அந்தப் பக்கம் ஏதோ உரசிக்கிட்டே போச்சு, வீட்டம்மா என் கையைப் புடிச்சவங்க விடியறவரைக்கும் விடல, என்னன்னு இன்னிவரைக்கும் தெரியாது. அம்மா, மின்னலை விடுங்க, பாம்புதான் பெரிய பயம். அறுத்த வயல்னா எலி, எலி இருந்தா பாம்பு. கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும், தரையில தூங்குறவங்களைக் கடிச்சா பல நேரம் வலியே தெரியாது, கண் இமை சொருகும்போதுதான் தெரியும். டென்ட் ஜிப் எப்பவும் மூடியே இருக்கணும், ஷூவை உதறிட்டுப் போடணும், பாத்ரூம் போக எழுந்தாலும் டார்ச் வேணும். கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வெச்சு உறிஞ்சாதீங்க, கடிபட்ட இடத்தை அசைக்காம 108 கூப்பிட்டு செங்கல்பட்டு மெடிக்கல் காலேஜுக்குப் போயிடுங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான், அதுக்கு விஷம் எடுத்துக் குடுக்குறதே நம்ம வடநெம்மேலில இருக்குற, பாம்பு புடிக்கிற இருளருங்களோட கூட்டுறவு சொசைட்டிதான், 1978-லேர்ந்து இருக்கு, 2023-ல அவங்கள்ல ரெண்டு பேருக்கு பத்மஸ்ரீ கூட குடுத்தாங்க. இந்த வயசுல ரிசார்ட்டே பெட்டர்.

அம்பத்தூர்க்காரன்:
சார், அவங்க பாம்பைப் பத்தி எங்க கேட்டாங்க? அந்த வாத்துக்காரர் குடும்பம் அதே தரையிலதான் மாசக்கணக்கா படுக்குது, இதையெல்லாம் அவங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்.

அம்மா, எங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு. நானும் வீட்டுக்காரியும் பூண்டி ஏரி பக்கம் காரை நிறுத்திட்டு நிலா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம், மீன் புடிக்கிறவர் ஒருத்தர் கொஞ்ச தூரத்துல வந்து உக்காந்தவரு எழுந்து போகவே இல்ல, கையில வலை, ஆனா அந்த இருட்டுல என்ன வலை பின்னுறது? வெளுக்க ஆரம்பிச்சப்போதான் கிட்ட வந்து "வீட்ல ஏதாச்சும் சண்டையா சார், யாருக்காவது போன் போடணுமா?"ன்னாரு. வயசான ரெண்டு பேர் தண்ணியோரம் தனியா உக்காந்திருந்தா அவங்களுக்கு எது ஞாபகம் வரும்னு அப்பதான் புரிஞ்சுது. ராத்திரி பூரா எங்களுக்குக் காவலா இருந்திருக்காரு. உங்க வாத்துக்காரர் கேட்டதும் அந்த பயத்துலதான்னு எனக்குப் படுது. அடுத்த அறுப்பு சமயத்துல தோப்புக்காரங்ககிட்ட விசாரிங்க, அதே ஏரிக்கு வந்தாலும் வருவாரு. இன்னொரு தடவை சொன்னா நம்புவாரு.