மண்ணெண்ணெய் பம்ப்: சோக் திறந்தவுடனை நிக்குது, ஒயில் மட்டமும் ஏறிக் கிடக்கு

செம்பாட்டுத்தறை:
உரும்பிராயிலை வெங்காயத் தறைக்கு இறைக்கிற 2 அங்குல மண்ணெண்ணெய் பம்ப், 5.5 குதிரைவலு. ஐப்பசி மழை தொடங்கினதிலையிருந்து தை வரைக்கும் கொட்டிலுக்குள்ள கிடந்தது. இப்ப சோக் (காத்தை மறைக்கிற தட்டு) போட்டால் ஸ்ராட் வருகுது, திறந்தவுடனை நிக்குது. புது பிளக் போட்டும் அப்பிடித்தான். ஒயில் குச்சியிலை மட்டம் கூடி, மண்ணெண்ணெய் மணக்குது. காபரேற்றரை (எண்ணெயையும் காத்தையும் கலக்கிற பகுதி) துப்பரவாக்கினால் போதுமோ?

கராச்:
போதாது. ஒயில் மாத்தும்வரை இனி ஸ்ராட் பண்ணாதேங்கோ. மண்ணெண்ணெய் ராங்கியின்ரை திறப்பைப் பூட்டாமல் விட்டு, காபரேற்றர் நிரம்பினதும் வழியை அடைக்கிற புளோட் ஊசியும் வடிவாய் இருக்காட்டி, ராங்கியிலை இருக்கிறது காபரேற்றரை நிரப்பி, சிலிண்டருக்குள்ள போய், பிஸ்ரன் றிங்கைத் தாண்டிக் கீழை ஒயிலுக்குள்ள வடியும். அந்த ஒயிலிலை பிசுக்கு இராது. ஓட்டினால் கொன்றொட்டும் (பிஸ்ரனைப் பிடிக்கிற தண்டு) அது சுத்துற கிராங்கும் உரசிப் பிடிக்கும்.

பிளக்கைக் கழட்டி, மெதுவாய் இரண்டு மூன்று தரம் கயிறிழுத்து உள்ளை நிக்கிறதை வெளியிலை தள்ளுங்கோ. பிளக் வயர் ஓட்டைக்குக் கிட்ட நிக்கக்கூடாது, பொறி பறந்தால் பத்தும். பழைய ஒயிலை முழுக்க வடியவிட்டுப் புதுசு விடுங்கோ. 600 மில்லிலீற்றர் அளவிலை பிடிக்கும். ஆனால் மெசினைச் சமனாய் வைச்சு, ஒயில் விடுற வாயின்ரை விளிம்பு வரை நிரப்புறதுதான் சரியான கணக்கு.

ஜெட்டும் ஊசியும்:
சோக்கோடை மட்டும் ஓடுதெண்டால் மண்ணெண்ணெய் வரத்துக் காணாது, காத்துக் கூடிப்போகுது. காபரேற்றருக்கு அடியிலை இருக்கிற கிண்ணத்தின்ரை 10 மில்லிமீற்றர் போல்ட்டைக் கழட்டி, முதல் புளோட் ஊசியைப் பாருங்கோ. முனையிலை வட்டமாய்த் தடம் விழுந்திருந்தால் கழுவிப் பிரயோசனமில்லை. பிறகு எண்ணெய் வாற சின்னத் துளையள் இருக்கிற ஜெட்டுகளைப் பாருங்கோ: நடுத்தண்டிலை மெயின் ஜெட், பக்கத்திலை பைலட் ஜெட். கம்பி விட்டுக் குத்தாதேங்கோ. துளை பெருத்தால் பிளக் கரி பிடிச்சுக்கொண்டே இருக்கும். கிளீனர் அடிச்சு ஊதி, வெளிச்சத்துக்குப் பிடிச்சால் முழு வட்டம் தெரியவேணும். அதுக்குப் பிறகும் சோக் கேட்டால், காபரேற்றர் பொருத்துற இடத்துப் பக்கிங்காலை காத்து இழுக்குது.

வடலி:
நிப்பாட்டுற முறையும் முக்கியம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள்ள ஆவியாகாது. அதாலைதான் பெற்றோலிலை ஸ்ராட் பண்ணிச் சூடேறினபிறகு மாத்துறது. நிப்பாட்ட முந்தியும் திரும்பப் பெற்றோலிலை 3 நிமிசம் ஓடவேணும். மாரிக்கு வைக்கேக்கை கிண்ணத்தை வடியவிட்டு, திறப்பைப் பூட்டுங்கோ.

பம்புக்குள்ள தண்ணி நிரப்பாமல் ஓட்டாதேங்கோ, சீல் எரிஞ்சுபோம். எங்கடை சுண்ணாம்புக்கல் கிணத்துத் தண்ணி இம்பெல்லரிலை (தண்ணியைத் தள்ளுற சுழல் தட்டு) வெள்ளையாய்ப் படியும். கயிறு இறுக்கமாய் வந்தால் வினாகிரி விட்டு ஊறவைச்சுக் கழுவுங்கோ.

செம்பாட்டுத்தறை:
ஊசியிலை தடம் இருக்கு. ஊசி மட்டும் மாத்தலாமோ, காபரேற்றரே வாங்கவேணுமோ?

ஜெட்டும் ஊசியும்:
ஊசியைப் போட்டுக் கிண்ணத்தைப் பூட்டி, திறப்பைத் திறந்து 10 நிமிசம் விட்டுப் பாருங்கோ. ஒழுகினால் ஊசி குந்துற பித்தளையும் தேய்ஞ்சிட்டுது, காபரேற்றர்தான் வாங்கவேணும். மண்ணெண்ணெய் மெசினுக்குரியதையே கேட்டு வாங்குங்கோ. பெற்றோல் மெசினின்ரை ஜெட் வேறை.