சர்க்கரை நோயாளிக்கு ஆப்பிள்: தோலோடு கொடுப்பதா, சாறாகவா, கொய்யாவே போதுமா?

மாடக்குளத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 64 வயது. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரைகளால் ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது. சென்ற மாதம் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாள் முதல், நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பை ஆப்பிளோடு வருகிறார்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கையில் இருக்க வேண்டும் என்பது எப்போது வழக்கமானதோ தெரியவில்லை, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இப்போது பால் வைக்க இடமில்லை.

பழத்தோடு கருத்துகளும் சேர்ந்துவிட்டன. ஆப்பிளுக்கு மெழுகு பூசுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அம்மா, தோலைக் கனமாகச் சீவிப் போட்டுவிட்டு, மிக்சியில் அடித்து வடிகட்டிச் சாறாகக் கொடுக்கிறார். சர்க்கரைக்காரர்கள் தொடக்கூடிய ஒரே பழம் ஆப்பிள்தான், எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிறார் சித்தப்பா. பக்கத்து வீட்டு அத்தையோ, ஏழைகளின் ஆப்பிள் என்று கொய்யாவுக்குப் பெயர் இருக்கும்போது விலை கொடுத்து ஆப்பிள் எதற்கு என்கிறார். மருத்துவரிடம் கேட்டேன், வெளியே முப்பது பேர் காத்திருந்ததாலோ என்னவோ, “அளவாகக் கொடுங்கள்” என்று முடித்துக்கொண்டார். அந்த அளவு எவ்வளவு, எந்த வடிவில் கொடுப்பது நல்லது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேன்சிட்டு

வணக்கம். நான் மருத்துவமனை ஒன்றில் உணவியலாளராகப் பணிபுரிகிறேன். அம்மா செய்வதில் தோலைச் சீவுவதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சாறெடுப்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

நூறு கிராம் ஆப்பிளில் ஏறத்தாழ 86 கிராம் தண்ணீர், 10 கிராம் சர்க்கரை, தோலோடு சேர்த்தால் 2.4 கிராம் நார்ச்சத்து இருக்கின்றன. கலோரி 52தான். சர்க்கரை இருந்தும் இது இரத்தத்தில் மெதுவாக ஏறுவதற்குக் காரணம், அந்தச் சர்க்கரை பழத்தின் செல் சுவர்களுக்குள் அடைபட்டிருப்பதும், பெக்டின் என்ற கரையும் நார் குடலில் கூழாகி அதை விரைவாக விடாமல் பிடித்து வைப்பதும் ஆகும். மிக்சியில் அடித்தால் சுவர்கள் உடைகின்றன. வடிகட்டினால் நாரில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. டம்ளரில் மிஞ்சுவது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்தான்.

இதை 1977இல் இங்கிலாந்தில் ஒரு குழு சோதித்து, லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. நலமாக இருந்த பத்துப் பேருக்கு, ஒரே அளவு மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) வரும்படி ஆப்பிளை முழுப் பழமாகவும் மசித்த கூழாகவும் சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பழத்தைத் தின்பதைவிடப் பதினொரு மடங்கு வேகமாகச் சாற்றைக் குடிக்க முடிந்தது. மூன்றையும் ஒரே வேகத்தில் உட்கொள்ளச் செய்தபோதும், சாறு குடித்தவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு குறைவாகவே இருந்தது. இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. ஏறிய சர்க்கரை பின்னர் சரேலென்று கீழே இறங்கியது. முழுப் பழத்தைத் தின்றபோது அந்தச் சரிவு இல்லை. பழம் அதே பழம்தான், பல்லுக்கும் மிக்சிக்கும் உள்ள வேறுபாடுதான் இத்தனையும்.

அளவு என்று கேட்டீர்கள். சுமார் 150 கிராம் எடையுள்ள சிறிய பழம் ஒன்றில் 20 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. இது சின்ன இட்லி இரண்டுக்கு நிகர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே சித்தப்பா சொல்கிறபடி எத்தனை வேண்டுமானாலும் கொடுக்க முடியாது. நாளுக்கு ஒரு சிறிய பழம், அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து அல்லாமல் காலை பதினொரு மணிக்கோ மாலையிலோ கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டால், உங்கள் தந்தையின் உடல் அதை எப்படி ஏற்கிறது என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஒரே ஒரு நேரத்தில்தான் சாறுக்கு வேலை உண்டு: மாத்திரை காரணமாகச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கினால், அப்போது அரை டம்ளர் சாறு உடனே கைகொடுக்கும்.

பழைய வேதியியல் வாத்தியார்

தோலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆப்பிளின் தோலில் இயற்கையிலேயே மெழுகு உண்டு. பறித்த பழத்தைக் கழுவும்போது அதில் ஒரு பகுதி போய்விடுவதால், ஈரம் வற்றிச் சுருங்காமல் இருக்க மீண்டும் பூசுகிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் தேன்மெழுகு, கார்னோபா மெழுகு, அரக்கு ஆகியவற்றை இதற்கு அனுமதிக்கின்றன. அனுமதிக்கப்பட்ட மெழுகைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, அது செரிக்காமல் வெளியேறிவிடும். நாம் கவலைப்பட வேண்டியது பூச்சிமருந்தின் எச்சத்தைப் பற்றித்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் செய்த ஆய்வில், ஒரு விழுக்காடு சமையல் சோடாக் கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது, சோதித்த இரண்டு மருந்துகளும் மேற்பரப்பிலிருந்து நீங்கிவிட்டன. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்துக் கிராம் ஆப்பச்சோடா என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்குள் ஊடுருவிய சிறு பங்கு இதனால் போகாது என்பதையும் அந்த ஆய்வு சொன்னது. ஆனாலும், குவெர்செடின் போன்ற நலம் தரும் தாவரப் பொருள்கள் சதையைவிடத் தோலில்தான் மிகுதியாக இருப்பதால், கழுவித் தோலோடு தின்பதையே நான் தேர்வேன்.

உங்கள் தந்தைக்கு இன்னொரு செய்தி சுவையாக இருக்கலாம். 1835இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிட்சின் என்ற கசப்பான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது உள்ளே போனால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறும் என்பதை 1886இல் ஜெர்மானிய மருத்துவர் வான் மெரிங் காட்டினார். அந்தச் செயல்முறையைப் பின்தொடர்ந்து, அதன் மூலக்கூற்றை மாதிரியாகக் கொண்டு உருவானவைதான், இன்று சர்க்கரை நோயாளிகள் பலருக்கும் எழுதித்தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள். இதைப் படித்துவிட்டு ஆப்பிள் தின்றால் மாத்திரை வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. பழத்தில் அந்தப் பொருள் மிகக் குறைவு, இருப்பதும் குடலிலேயே சிதைந்துவிடும்.

தினம் ஓர் ஆப்பிள் தின்றால் மருத்துவர் வேண்டாம் என்ற பழமொழியின் பழைய வடிவம் 1866இல் வேல்ஸ் நாட்டில் பதிவாகியிருக்கிறது. 2015இல் அமெரிக்கர்கள் அதையும் சோதித்துவிட்டார்கள். 8,399 பேரின் விவரங்களைப் பார்த்ததில், தினமும் ஆப்பிள் தின்றவர்கள் 753 பேர். அவர்களுடைய கல்வி, உடல்நலம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகு, மருத்துவரைப் பார்க்கப் போவதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே ஆப்பிளுக்கு இருக்கும் புகழில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டே நான் பார்ப்பது வழக்கம்.

தேன்சிட்டு

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு சிறு மறுப்பு. மருத்துவரிடம் எத்தனை முறை போனார்கள் என்பதை வைத்து ஒரு பழத்தின் பயனை அளக்க முடியாது. 2013இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த, 1,87,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், ஆப்பிளும் பேரிக்காயும் வாரம் மும்முறை கூடுதலாகத் தின்றவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவாகவும், அதே அளவு பழச்சாறு குடித்தவர்களுக்கு 8 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தது. வெறும் கவனிப்பு ஆய்வு என்பதால் இதைக் காரணம் என்று அறுதியிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொழுப்பைப் பொறுத்தவரை நேரடிச் சோதனையே உண்டு: இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில், சற்றே கூடுதல் கொலஸ்ட்ரால் கொண்ட 40 பேர் எட்டு வாரம் தினம் இரண்டு ஆப்பிள் தின்றபோது, அதற்கு இணையான சர்க்கரை கலந்த பானத்தைக் குடித்த காலத்தோடு ஒப்பிடுகையில், மொத்தக் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 4 விழுக்காடு குறைவாக இருந்தது. பெரிய மாற்றம் இல்லைதான், ஆனால் ஒரு பழத்திடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கொய்யா பற்றி அத்தை சொன்னது சரியே. நூறு கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி 5 மில்லிகிராம் கூடத் தேறாது. கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல். நார்ச்சத்தும் கொய்யாவில் இரு மடங்குக்கு மேல். சத்துக் கணக்கை மட்டும் பார்த்தால், ஆப்பிளைத்தான் பணக்காரர்களின் கொய்யா என்று சொல்ல வேண்டும்.

நல்லமங்கை

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கொய்யாவைப் பற்றி நீங்கள் சொல்வது சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். என் கணவருக்கும் இருபது ஆண்டு சர்க்கரை நோய். அதனால் சிறுநீரகம் பழுதாகி, இப்போது வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடக் கூடாது. நூறு கிராம் கொய்யாவில் 400 மில்லிகிராமுக்கு மேலும், வாழைப்பழத்தில் 350 மில்லிகிராமுக்கு மேலும் பொட்டாசியம் இருக்க, ஆப்பிளில் 107தான். இளநீரும் வாழைப்பழமும் விலக்கப்பட்ட எங்கள் வீட்டில், அளந்து ஒரு பாதி ஆப்பிள் என்பதுதான் அவருக்கு நாளில் கிடைக்கும் ஒரே இனிப்பு. சத்துக் குறைவு என்று நீங்கள் சொல்கிற அதே குறைதான் எங்களுக்கு உதவுகிறது. ஒன்பது ஆண்டுச் சர்க்கரை என்கிறீர்கள், தம்பி. அப்பாவுக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

மாடக்குளத்தான்

அனைவருக்கும் நன்றி. நல்லமங்கை அக்கா கேட்ட பிறகுதான் அப்பாவின் மருத்துவக் கோப்பைப் பிரித்துத் தேடினேன். கண் அறுவைக்கு முன் எடுத்த அறிக்கையில் கிரியேட்டினின் 1.0 என்று இருக்கிறது. சிறுநீரில் புரதம் போகிறதா என்று இதுவரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. வரும் திங்கட்கிழமை அந்தப் பரிசோதனைக்கும் சேர்த்து அழைத்துப் போகிறேன். மிக்சி நிறுத்தப்பட்டது. ஒரே சிக்கல், அப்பாவுக்குக் கீழ்ப்பற்கள் பாதி இல்லை. முழு ஆப்பிளைக் கடிக்க முடியவில்லை என்கிறார்.

தேன்சிட்டு

தோலோடு மெல்லிய துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். அதுவும் கடினம் என்றால், துண்டுகளை இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, சர்க்கரை சேர்க்காமல் சிறிது பட்டைத்தூள் தூவிக் கொடுக்கலாம். வெந்தாலும் நார் அதிலேயே தங்கும், வைட்டமின் சி கொஞ்சம் போகும். மென்மையாக இருக்கிறதே என்று மாவாகிப்போன பழைய பழத்தை மட்டும் கொடுக்காதீர்கள், அவரே துப்பிவிடுவார். மீதிப் பைகளை வீட்டிலுள்ள மற்றவர்கள் தின்று தீர்க்கலாம், அல்லது நலம் விசாரிக்க நீங்கள் போக வேண்டிய வீடு ஏதேனும் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம்.