நின்று சுடும்போது பக்கவாட்டு நிலையா, நேர் நிலையா?

முன்னாள்_கேடட்:
என்.சி.சி.யில் எங்களை .22 ரைபிளால் பெரும்பாலும் படுத்துச் சுடத்தான் பழக்கினார்கள். நின்று சுடுவதை ஒரு பழைய சுபேதார் காட்டித் தந்தார். உடம்பு பக்கவாட்டில், இடது தோள் குறியைப் பார்த்து, வலது முழங்கை தோள் உயரத்தில் இருக்க வேண்டும். இப்போது வீடியோக்களில் வருகிறவர்கள் மார்பை நேரே காட்டி, முன்னே சாய்ந்து, முழங்கையை விலாவில் ஒட்டி, இடது கையைப் பேரலின் முன்பக்கம்வரை நீட்டிப் பிடிக்கிறார்கள். ரைபிளின் பாரம் முழுக்கக் கையில் தொங்குகிறது. இதை எப்படி முன்னேற்றம் என்கிறீர்கள்?

நேர்நோக்கு:
ஒரே ஒரு குண்டு என்றால் நீங்கள் சொல்வது சரி சார். இரண்டாவது குண்டை யோசியுங்கள். பக்கவாட்டில் நின்றால் பின்னுதைப்பு ஒரு தோளைத் தள்ளி உடம்பையே திருப்பிவிடும். நேரே நின்று எடையை முன்பாதத்தில் வைத்தால் அந்த உதை இரண்டு கால்களிலும் இறங்கும், குறி தானாகவே பழைய இடத்துக்கு வரும். இன்னொன்று, குண்டு துளைக்காத கவசத்தின் முக்கியத் தகடு மார்புக்கு முன்னால்தான் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் சிப்பாய் மூடாத அக்குளை எதிரிக்குக் காட்டுகிறார்.

பத்துமீட்டர்:
தம்பி, சண்டைக்களத்துக்கு அது பொருந்தும். ஆனால் பக்கவாட்டு நிலையைப் பழசு என்று ஒதுக்கினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில், குறி அட்டையின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். சுடுகிற பெல்லட்டே, அதாவது சின்ன ஈயக் குண்டே, 4.5 மில்லிமீட்டர். ஐந்தரை கிலோவரை இருக்கும் ரைபிளைத் தூக்கி 60 முறை சுட வேண்டும். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த வீராங்கனை இளவேனில் வாலறிவன் இன்று நிற்பதும் பக்கவாட்டில்தான். காரணம் எலும்பு. இடுப்பைக் குறியின் பக்கம் தள்ளினால் இடது முழங்கை அதன்மேல் உட்காரும். பாரம் எலும்பு வழியாகத் தரைக்குப் போகும், தசைக்கு வேலை குறையும். நேரே நின்றால் முழங்கைக்கு அந்த இடுப்பு கிடைக்காது. அப்புறம் கேடட் சார், வலது முழங்கையைத் தூக்கச் சொல்லி நான் யாருக்கும் கற்றுத்தருவதில்லை. அது தளர்ந்து தொங்க வேண்டும்.

நேர்நோக்கு:
அக்கா, உங்கள் பிள்ளைகள் விறைப்பான கோட்டும் பேண்ட்டும் தட்டையான பூட்ஸும் போட்டு நிற்கிறார்கள். அவற்றைக் கழற்றினால் முதுகை அப்படி வளைத்து எத்தனை நிமிடம் நிற்க முடியும்?

பத்துமீட்டர்:
முதுகுவலி வருகிறது, மறைக்க மாட்டேன். அதனால்தான் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே வயிற்றுக்கும் முதுகுக்கும் உடற்பயிற்சி தருகிறேன். கோட்டின் தடிமனையும் விறைப்பையும் போட்டியில் கருவி வைத்து அளக்கிறார்கள். அந்தக் கோட்டு முதுகைத் தாங்கும், குறி பார்த்துத் தராது.

மரக்கட்டை:
படையில் ஆயுதம் பழுதுபார்த்தவன் நான். நிற்கும் விதத்தைப் பாதி முடிவு செய்வது ரைபிளின் கட்டைதான், அதாவது தோளில் வைத்துப் பிடிக்கும் பின்பகுதி. பழைய பிரிட்டிஷ் படை ரைபிளான லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கட்டை பேரலைவிடத் தாழ்ந்து வளைந்திருக்கும், தனிக் கைப்பிடி கிடையாது. முழங்கையைத் தூக்கினால் மணிக்கட்டு மடங்காது, கட்டையின் பின்முனை தோளில் உட்காரப் பள்ளமும் கிடைக்கும். குண்டு சுமார் 11 கிராம், உதை பலம். அடுத்த குண்டை ஏற்ற ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டியிருந்ததால் குறியைத் திரும்பப் பிடிக்க நேரம் இருந்தது. அமெரிக்கப் படையின் எம்-16 ரைபிள் வந்தபோது கட்டை பேரலுக்கு நேர்கோட்டில் வந்துவிட்டது, தனிக் கைப்பிடியும் வந்தது. அதன் 5.56 மில்லிமீட்டர் குண்டு சுமார் 4 கிராம்தான். அந்தக் கைப்பிடியைப் பிடித்தாலே முழங்கை தானாக இறங்கும். சுபேதார் தன் கையிலிருந்த ரைபிளுக்குச் சரியாகவே சொல்லித்தந்திருக்கிறார்.

முன்னாள்_கேடட்:
முழங்கை விஷயத்தை ஏற்கிறேன் ஐயா, இத்தனை நாள் காரணம் தெரியாமலே தூக்கியிருக்கிறேன். ஆனால் புதியவருக்கு நேர் நிலையை முதலில் கற்பிப்பதை ஏற்க முடியாது. குறி பார்த்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டுத் திறந்தால் சைட் (ரைபிளின் குறிபார்க்கும் பாகம்) எங்கே இருக்கிறது? இடப்பக்கம் விலகியிருந்தால் கையால் இழுக்கக் கூடாது, பாதத்தை நகர்த்த வேண்டும். பக்கவாட்டில் தளர்ந்து நிற்கும்போது இந்தப் பாடம் உடனே புரியும். முன்னே சாய்ந்து இறுக்கிப் பிடிப்பவருக்குத் தன் கை இழுப்பதே தெரியாது.

நேர்நோக்கு:
குறி மூன்று இடத்தில் இருந்தால் பாதத்தை நகர்த்த நேரம் ஏது சார்? முழங்காலை லேசாக மடித்து இடுப்போடு திரும்ப வேண்டும். பக்கவாட்டில் பழகியவர் வலப்பக்கம் திரும்பப் பார்க்கட்டும், பாதியிலேயே இடுப்பு முறுக்கிக்கொள்ளும். அதை மறக்கவைக்கத்தான் எனக்கு அதிக நாள் ஆகிறது.

பத்துமீட்டர்:
என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு 12, 13 வயது. முதல் மாதம் பெல்லட்டே கிடையாது, வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பக்கவாட்டில் நிற்பதுதான் பயிற்சி. அதை மாற்றுவதாக இல்லை.